அஃப்ராவின் கைக்கு மட்டும்

“ஆடாதே. சிலை மாதிரி நில்லு.”

“மூக்கு அரிக்குது கோர்பி.”

“எந்தப் பக்கம்?”

“இடது பக்கம். இன்னும் கொஞ்சம் மேல. ஐயோ, அது கண்ணுடா!”

“மாவுக் கைடி, விரல் எங்க போகுதுன்னே தெரியலை. இப்போ?”

“ம்ம். அங்கதான். நிறுத்தாதே.”

சமையலறையின் நடுவில், தீயணைப்புப் படை வருடாவருடம் கொடுக்கும் நாள்காட்டியைக் குறிபார்த்தபடி, அஃப்ரா வலக்கையை நீட்டி நின்றுகொண்டிருந்தாள். கையில் காற்றழுத்தத்தில் சுடும் பந்தயக் கைத்துப்பாக்கி. குண்டு இல்லை, காற்றும் இல்லை. அதன் மரக் கைப்பிடியைச் சுற்றி அப்பியிருந்த, மரத்தில் ஓட்டை அடைக்க உதவும் பழுப்பு நிறப் பட்டி, அவள் விரல் இடுக்குகள் வழியாகப் பிதுங்கி வெளியே வந்துகொண்டிருந்தது. ஒட்டிக்கொள்ளாமல் இருக்க, விரல் நுனியிலிருந்து மணிக்கட்டு வரை வாஸலின் பூசியிருந்தாள். ரொட்டிப் பெட்டியின் மேல் சாய்த்து வைத்த போனில், தாடிக்காரர் ஒருவர் நிதானமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்: பட்டி இறுகும்வரை, போட்டியில் நிற்பது போலவே நில்லுங்கள், பேசாதீர்கள், சிரிக்காதீர்கள்.

“மூக்கு அரிச்சா என்ன பண்றதுன்னு அந்த ஆள் சொல்லவே இல்லையே” என்றான் கோர்பினியன்.

“அவருக்குத் தாடி. அரிச்சாலும் அவருக்குத் தெரியாது. என்னைச் சிரிக்க வைக்காதே!”

கோர்பினியன் அவளுடைய கணவன். எங்கள் ஊரான ஓபர்ஹாஸ்லிங்கில் ரொட்டி சுடுகிற ஒரே ஆள். ஊர் தூங்கும்போது எழுந்து அடுப்பு மூட்டுகிறவனுக்குப் பிற்பகல்தான் இரவு. அந்த இரவை விட்டுக்கொடுத்துவிட்டு மனைவிக்கு மூக்குச் சொறிந்துகொண்டிருந்தான்.

எல்லாம் ஒரு மாலைக்காகத்தான்.

எங்கள் துப்பாக்கிச் சங்கத்தில் ஒவ்வொரு நவம்பரிலும் ராஜா தேர்வு நடக்கும். ஆளுக்கு ஒரே ஒரு குண்டு. யாருடைய குண்டு நடுப்புள்ளிக்கு மிக அருகில் விழுகிறதோ அவருக்குக் காசுகள் கோத்த வெள்ளி மாலை. அடுத்த நவம்பர் வரை அவர்தான் ராஜா. இரண்டாவதாக வருகிறவருக்கு சாசேஜ் மாலை. மூன்றாவதாக வருகிறவருக்கு, முடிச்சுப் போட்ட உப்பு ரொட்டிகளைக் கோர்பினியன் சுட்டுக் கோத்துத் தரும் பிரெட்ஸல் மாலை. வெள்ளியை ஒரு வருடம் போட்டுக்கொள்ளலாம். சாசேஜை மறுநாள் காலை வேகவைக்க வேண்டியதுதான்.

அஃப்ரா தொடர்ந்து மூன்று வருடங்கள் சாசேஜ் மாலை வாங்கியிருந்தாள். முதல் வருடம் பெருமையாக இருந்தது. இரண்டாம் வருடம் அவளும் சேர்ந்து சிரித்தாள். மூன்றாம் வருடம், அவள் ஓட்டுகிற பள்ளிப் பேருந்தில் ஏறும் பிள்ளைகள் “குட் மார்னிங், சாசேஜ் அக்கா” என்று சொல்ல ஆரம்பித்தார்கள். போதாக்குறைக்குச் சென்ற வருட வெள்ளி மாலை கோர்பினியனின் அக்கா சென்சியின் கழுத்தில் விழுந்தது. சென்சி அதைத் தேவாலயத்துக்குப் போட்டுக்கொண்டு போனாள், தீயணைப்புப் படைத் திருவிழாவுக்குப் போட்டுக்கொண்டு போனாள், ரத்தப் பரிசோதனைக்குக்கூடப் போட்டுக்கொண்டு போனாள்.

தன் கண்ணில் குறையில்லை, கையில் நடுக்கமில்லை, குறை கைப்பிடியில்தான் என்று அஃப்ரா முடிவுக்கு வந்தாள். அது பொய்யும் இல்லை. சங்கத்தின் துப்பாக்கிகள் மண்வெட்டி பிடித்துப் பழகிய கைகளுக்காகச் செய்தவை. அதனால் கோடையில், ஷ்ட்ராபிங் நகரத்தில் ஒருவரிடமிருந்து பழைய துப்பாக்கி ஒன்றை வாங்கி வந்தாள். அக்ரூட் மரத்தில் அழகாகச் செதுக்கிய கைப்பிடி. ஆனால் விற்றவரின் கை கரடிக் கை. அதற்குள் அஃப்ராவின் கை, பெரிய செருப்புக்குள் சின்னக் கால் போலக் கடகடவென்று ஆடியது. பந்தயத் துப்பாக்கியின் கைப்பிடி பல் செட்டைப் போல. ஒருவருக்குச் செய்தது இன்னொருவருக்கு உதவாது.

சங்கத்தில் யாரிடமாவது கேட்டிருக்கலாம். கேட்டால் சென்சிக்குத் தெரிந்துவிடும். அதனால் தாடிக்காரரின் காணொளிகளைப் பார்த்து, சமையலறை மேசையில் தானே கற்றுக்கொள்ள ஆரம்பித்தாள்.

முதல் முறை மரத்தூளையும் பசையையும் குழைத்து அப்பினாள். காய்ந்ததும் அது பாளம் பாளமாக உதிர்ந்தது. இரண்டாம் முறை சரியான பட்டியே வாங்கினாள். இரண்டு டப்பாவிலிருந்து சம அளவு எடுத்துப் பிசைந்தால் ரொட்டி மாவுப் பதத்துக்கு வருவது. ஒட்டாமல் இருக்கக் கையில் மெல்லிய பிளாஸ்டிக் தாளைச் சுற்றிக்கொண்டு பிடித்தாள். தாளின் சுருக்கம் எல்லாம் அப்படியே பதிந்து, கைப்பிடி நூறு வயதுக் கிழவியின் கன்னம் போல ஆகிவிட்டது. அதை அரத்தால் ராவி எடுக்க ஒரு வாரம் பிடித்தது. வீடெங்கும் அக்ரூட் தூள். கோர்பினியன் காப்பியில் மிதந்ததை லவங்கப்பட்டைத் தூள் என்று நினைத்துக் குடித்தான், நன்றாக இருக்கிறது என்றும் சொன்னான்.

இது மூன்றாம் முறை. உள்ளங்கைக் குழியில் ஒரு மேடு, கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் ஆழமான வளைவு, மோதிர விரலுக்கு அடியில் இருந்த பள்ளத்தை நிரப்ப நிறையப் பட்டி. எல்லாம் சரியாக வந்துகொண்டிருந்தது.

அழைப்பு மணி அடித்தது.

“யாரா இருந்தாலும் வீட்ல இல்லைன்னு சொல்லு.”

“நீ இல்லைன்னா, நானுமா இல்லைன்னு சொல்றது?” என்று கேட்டுக்கொண்டே கோர்பினியன் போனான். போனவன் கதவை முழுதாகத் திறப்பதற்கு முன்பே கேக் டப்பாவோடு சென்சி உள்ளே வந்துவிட்டாள். வெள்ளி மாலை கோட்டுக்கு வெளியே தொங்கியது.

“டப்பாவைக் குடுத்துட்டுப் போலாம்னு... அடக் கடவுளே! கோர்பி, என்னடா பண்ணினே அவளை? துப்பாக்கியெல்லாம் எடுத்திருக்கா!”

அஃப்ரா திடுக்கிட்டுக் கையை உருவினாள். வாஸலின் பூசிய கை பளக்கென்று வந்தது. அதோடு பாதிப் பட்டியும் வந்தது.

“பாத்தியா! பாத்தியா சென்சி, என்ன பண்ணிட்டே!”

“நானா? நான் வாசப்படியிலதானே நிக்கிறேன். ஓ... கைப்பிடியா? நம்ம சாசேஜ் ராணி புதுசாக் கை செஞ்சுக்கிறாளா?”

“இந்த வருஷம் பாரு.”

“போன வருஷமும் இதைத்தான் சொன்னே. எனக்கு ஒண்ணும் ஆட்சேபணை இல்லடி. நீ இரண்டாவதா வந்தாத்தானே நமக்கெல்லாம் மறுநாள் விருந்து.”

அஃப்ரா பட்டியைத் தொட்டுப் பார்த்தாள். இறுகுவதற்கு இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்தது. பிய்ந்து வந்த பட்டியைச் சேர்த்து அவசரமாக மீண்டும் அப்பி, கட்டைவிரலால் அழுத்தி, கையை மறுபடி நுழைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு நாள்காட்டியைக் குறிபார்த்தாள். சென்சி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கடைசிவரை வேடிக்கை பார்த்துவிட்டுத்தான் போனாள்.

மோதிரம் காணவில்லை என்பது கை கழுவும்போதுதான் தெரிந்தது.

எங்கள் பக்கம் கல்யாண மோதிரத்தை வலக்கையில்தான் போடுவார்கள். அஃப்ரா அதைக் கழற்றியதே இல்லை. சுடும்போதும் இல்லை, பேருந்து ஓட்டும்போதும் இல்லை. இப்போது அந்த விரலில் வெள்ளையாக ஒரு வட்டம்தான் இருந்தது. தொட்டியைப் பார்த்தாள். தொட்டிக்குக் கீழே குழாய் வளைவைக் கழற்றிப் பார்த்தாள். குப்பையைச் செய்தித்தாளில் கொட்டிக் கிளறினாள். கோர்பினியன் மாடியில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். எழுப்பிச் சொல்லியிருக்கலாம்.

சொல்ல முடியாது என்பதுதான் வினை.

கல்யாணமான முதல் வருடத்தில் கோர்பினியன் தன் மோதிரத்தை ரொட்டி மாவுக்குள் தொலைத்திருந்தான். மாவு ரொட்டியானது, ரொட்டி விற்றுப்போனது. மறுநாள் காலை எங்கள் பல் டாக்டரம்மா தன் பல்லாலேயே அதைக் கண்டுபிடித்தார். அந்தக் கதையை அஃப்ரா ஒன்பது வருடமாகச் சொல்லி வருகிறாள். கல்யாண வீட்டில் சொல்வாள், பெயர் சூட்டும் விருந்தில் சொல்வாள், ஒருமுறை சாவு வீட்டில்கூடச் சொன்னாள். கதையின் உச்சம், டாக்டரம்மா கன்னத்தைப் பிடித்துக்கொண்டு கடைக்குள் நுழைகிற இடம். அதை அவள் எழுந்து நின்று நடித்துக் காட்டுவாள். “பொண்டாட்டியைத் தொலைக்கிறவன்கூட உண்டு. இவன் ரொட்டியில வெச்சு வித்துட்டான்!” கோர்பினியன் ஒவ்வொரு தடவையும் காது சிவக்கக் கேட்டுக்கொண்டிருப்பான். அன்றிலிருந்து வேலை நாட்களில் அவன் மோதிரம் அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு ஆணியில்தான் தொங்கும்.

அப்படிப்பட்டவள் போய், என் மோதிரமும் காணோம் என்று எந்த வாயால் சொல்வாள்?

பேருந்தின் முதலுதவிப் பெட்டியில் பிள்ளைகளுக்கான பிளாஸ்திரி இருந்தது. பச்சை டைனோசர் படம் போட்டது. அதில் ஒன்றை எடுத்து விரலில் சுற்றிக்கொண்டாள்.

“என்னடி ஆச்சு?”

“அரம் பட்டுடுச்சு.”

“ஆழமா? காட்டு. கழட்டு, நான் மருந்து போடறேன்.”

“வேண்டாம். காத்துப் பட்டா எரியும்.”

அவன் டைனோசரின் மேலேயே ஊதிவிட்டான். தினமும் ஊதினான். அவன் ஊதும்போதெல்லாம் அஃப்ராவுக்கு உள்ளே எங்கோ நிஜமாகவே எரிந்தது.

பட்டி முழுதாகக் காய்ந்த பிறகு உப்புத்தாள் போட ஆரம்பித்தாள். முதலில் சொரசொரப்பானது, பிறகு நயமானது. இரண்டு நாள் தேய்த்த பிறகு, மோதிர விரல் பதிகிற இடத்தில் ஏதோ மினுங்கியது. வாஸலின் என்று நினைத்துத் துடைத்தாள். இன்னும் மினுங்கியது. சன்னல் வெளிச்சத்தில் கொண்டுபோய்ப் பார்த்தாள். நகம் வெட்டிப் போட்டது போல, தங்கத்தில் ஒரு சின்ன வளைவு.

அவளுக்கு முதலில் சிரிப்பு வந்தது. சென்சி வந்தபோது உருவிய கை, பட்டிக்குள் சிக்கிக்கொண்ட மோதிரம், அதை அவளே கட்டைவிரலால் உள்ளே அழுத்தி மூடியது, எல்லாம் வரிசையாகக் கண்முன் வந்தன. கோர்பினியனாவது மாவுக்குள் விட்டான். மாவை அறுத்தால் ரொட்டியாவது மிஞ்சும்.

உளியை எடுத்து வந்தாள். தங்க வளைவுக்குப் பக்கத்தில் முனையை வைத்தாள். தட்டுவதற்கு முன், சும்மா ஒருமுறை என்று, கைப்பிடிக்குள் கையை நுழைத்தாள்.

தாடிக்காரர் ஒரு சோதனை சொல்லியிருந்தார். கண்ணை மூடிக்கொண்டு கையை உயர்த்துங்கள். திறங்கள். துப்பாக்கிக் குழல் நுனியில் இருக்கும் முன்குறி, பின்னால் இருக்கும் பின்குறியின் இடைவெளிக்கு நட்டநடுவில் நிற்க வேண்டும். ஒரு பக்கம் ஒதுங்கினால் கைப்பிடி இன்னும் உங்களுடையது ஆகவில்லை.

அஃப்ரா கண்ணை மூடினாள். உயர்த்தினாள். திறந்தாள்.

முன்குறி நட்டநடுவில் நின்றது.

இறக்கி மறுபடி பார்த்தாள். கையை வெளியே எடுத்துவிட்டு மீண்டும் நுழைத்துப் பார்த்தாள். அடுப்பைக் குறிபார்த்தாள், சுவர்க் கடிகாரத்தைக் குறிபார்த்தாள், சென்சி விட்டுப்போன கேக் டப்பாவைக் குறிபார்த்தாள். எல்லா முறையும் நட்டநடு. மோதிர விரல் அந்த மெல்லிய தங்க விளிம்பைத் தொட்டதும், மற்ற விரல்களெல்லாம் தங்கள் இடம் இதுதான் என்று தெரிந்தது போல அமர்ந்தன. மோதிரத்தை எடுத்தால் பட்டி நொறுங்கும். மறுபடி அப்பி, காயவைத்து, ராவித் தேய்க்க நாளில்லை. ராஜா தேர்வு அடுத்த வாரம்.

உளியை இழுப்பறையில் வைத்தாள். தேர்வு முடியட்டும், வெட்டி எடுத்துவிடலாம் என்று உளியிடமே சொன்னாள். தங்கம் வெளியே தெரியாமல் இருக்க அந்த இடத்தில் ஒரு துண்டு டைனோசர் பிளாஸ்திரியை ஒட்டினாள். துணியின் மேலிருந்தும் விளிம்பு விரலுக்குத் தட்டுப்பட்டது. அது போதும்.

தேர்வின் கடைசி நாள் வியாழக்கிழமை. சுடும் இடம் ஊர்ச் சாப்பாட்டு விடுதியின் நிலவறையில் இருக்கிறது. மேலே பன்றி இறைச்சி வறுபடும் வாசனை, கீழே பத்து மீட்டர் தூரத்தில் வெள்ளை அட்டை. சங்கத் தலைவர் ஓட்மார் ஒவ்வொரு அட்டையையும் சுட்டவருக்குக்கூடக் காட்டாமல் தகரப் பெட்டிக்குள் போட்டுப் பூட்டிவிடுவார். சனிக்கிழமை விருந்தில்தான் யார் எங்கே என்பது தெரியும். அதுவரை தன் மனைவியிடம்கூட மூச்சு விடமாட்டார். அதனால் அவர் வீட்டில் அந்த வாரம் முழுக்கச் சண்டை.

அஃப்ரா சுட்டாள். விரல் தங்கத்தைத் தொட்டது, மூச்சு நின்றது, குண்டு போனது. திரும்பி வந்தபோது அவள் முகத்தைப் பார்த்தே சென்சி கோட்டுப் பொத்தானைப் போட்டு மாலையை மூடிக்கொண்டாள்.

கடைசி ஆளாகக் கோர்பினியன் வந்தான். வருடத்துக்கு ஒரே ஒரு குண்டு சுடுகிறவன், அதுவும் அட்டையில் பட்டாலே அதிசயம். சங்கத்தின் துப்பாக்கியை எடுத்தான். அது அவன் கையில் புஸ்ஸென்று காற்று விட்டது.

“தலைவரே, இது பெருமூச்சு விடுது.”

“இன்னொண்ணு ரிப்பேருக்குப் போயிருக்கே” என்று ஓட்மார் மீசையைத் தடவினார். “ஏன், உன் பொண்டாட்டிகிட்ட புதுசு இருக்கில்ல? அதுல சுடு.”

அஃப்ரா துப்பாக்கிப் பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டாள். “அது முடியாது. அது என் கைக்கு மட்டும்தான். அவன் கை உள்ளயே போகாது.”

“ஒரு குண்டுதானேடி” என்றாள் சென்சி. “உன் துப்பாக்கி என்ன பல் துலக்குற பிரஷ்ஷா?”

“ஆமா!”

“அவளைத் தொந்தரவு பண்ணாதீங்க. நான் இந்த வருஷம் சுடலை, விடுங்க” என்றான் கோர்பினியன்.

“அதெப்படி?” ஓட்மாருக்குக் குரல் உயர்ந்தது. “குண்டு சுடாதவனுக்கு விருந்துல இடம் இல்லை. சட்டம் சட்டம்தான். நீ வரலைன்னா பிரெட்ஸல் மாலையை யாரு கொண்டு வருவா? குடும்மா, ஊருக்காகக் குடு.”

எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஏன் கொடுக்க மாட்டேன் என்று சொல்ல அவளிடம் இருந்தது ஒரே ஒரு காரணம், அதைச் சொல்லத்தான் வாயில்லை. பெட்டியைத் திறந்து கொடுத்தாள்.

கோர்பினியனின் கை பாதிதான் உள்ளே போனது. சுண்டுவிரல் வெளியே நின்றது. சென்சி சிரித்தாள். அவனும் சிரித்துக்கொண்டே விரல்களைத் திணித்தான். திடீரென்று சிரிப்பு நின்றது.

பத்துக் கிலோ மாவுக்குள் ஒரு திராட்சை விதை கிடந்தாலும் கண்டுபிடிக்கிற விரல்கள் அவை. மோதிர விரல் பிளாஸ்திரியின் மேல் மெதுவாக ஒருமுறை போய், வளைந்து திரும்பி வந்தது. அவன் குனிந்து பார்த்தான். பச்சை டைனோசர். நிமிர்ந்து, அஃப்ராவின் கையைப் பார்த்தான். அங்கேயும் பச்சை டைனோசர்.

அஃப்ரா கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள்.

கோர்பினியன் உதட்டைக் கடித்துக்கொண்டான். அட்டையின் பக்கம் திரும்பிக் கையை உயர்த்தினான். குறிபார்த்தானா இல்லையா என்று இன்றுவரை எங்களுக்குள் வாக்குவாதம் உண்டு. தோள்கள் மட்டும் குலுங்கிக்கொண்டிருந்தன, அது நிச்சயம். குண்டு போனது.

“நல்ல கைப்பிடி” என்று துப்பாக்கியைத் திருப்பிக் கொடுத்தான். “கொஞ்சம் இறுக்கம்.”

வெள்ளிக்கிழமை காலைச் சாப்பாட்டு மேசையில் ஒரு புது வகை ரொட்டி இருந்தது. வட்டமாக, நடுவில் ஓட்டையோடு.

“என்ன இது?”

“சும்மா தோணிச்சு, சுட்டேன். பாத்துக் கடி.”

அஃப்ரா அவன் முகத்தைப் பார்த்தாள். அவன் வெண்ணெய் தடவுவதில் மூழ்கியிருந்தான். மாலையில் பேருந்தை நிறுத்திவிட்டு வந்தபோது கடைச் சன்னல் முழுக்க அதே வட்ட ரொட்டிகள் அடுக்கியிருந்தன. பிள்ளைகள் ஆளுக்கு ஒன்றை விரலில் மாட்டிக்கொண்டு தின்றார்கள். சனிக்கிழமை காலை இன்னும் சின்னதாக, சரியாக ஒரு விரலுக்கு மட்டும் போகிற அளவில் ஒன்றைச் சுட்டு, அவளுடைய காப்பித் தட்டின் ஓரத்தில் வைத்திருந்தான். விருந்து முடிந்ததும் சொல்லிவிடுகிறேன் என்று அவள் அந்தக் குட்டி ரொட்டியிடம் சத்தியம் செய்தாள். வெள்ளி மாலை கழுத்தில் இருந்தால் எதையும் சொல்லிவிடலாம்.

விருந்தில் உருளைக்கிழங்கு சாலட் பாதி முடிந்தபோது ஓட்மார் மேடை ஏறினார். இசைக்குழு ஒரு முழக்கம் முழக்கியது.

“மூணாவது. பிரெட்ஸல் மாலை. சென்சி!”

சென்சி எழுந்து, கழுத்திலிருந்த வெள்ளியைக் கழற்றிக் கொடுத்துவிட்டு பிரெட்ஸலை வாங்கிக்கொண்டாள். உப்பு போதவில்லை என்று மேடையிலேயே தம்பியைப் பார்த்துச் சொன்னாள். அஃப்ரா முள்கரண்டியைக் கீழே வைத்தாள். சென்சி மூன்றாவது. அப்படியானால்...

“ரெண்டாவது.” ஓட்மார் காகிதத்தைப் பார்த்தார், கூடத்தைப் பார்த்தார், மீசை துடித்தது. “முதலாவதுக்கும் இதுக்கும் ஒரு தலைமுடி கனம்தான் வித்தியாசம், அதைச் சொல்லிடறேன். சாசேஜ் மாலை. நாலாவது தடவையா, நம்ம...”

அதற்குமேல் அவர் சொன்னது யாருக்கும் கேட்கவில்லை. கூடமே மேசையைத் தட்டிக்கொண்டிருந்தது. அஃப்ரா எழுந்து போய், நாலாவது முறையாகக் குனிந்து, புகையும் மூலிகையும் மணக்கும் அந்தக் கனமான மாலையை வாங்கிக்கொண்டாள். கண்ணில் தண்ணீர் நின்றது. பழியைச் சாலட்டில் இருந்த வெங்காயத்தின் மேல் போட்டுவிடலாம் என்று இருந்தபோது, ஓட்மார் அடுத்த பெயரைப் படித்தார்.

“ராஜா, கோர்பினியன்!”

கோர்பினியனுக்கு உருளைக்கிழங்கு புரையேறியது. சென்சிதான் ஓடிப்போய் முதுகில் நாலு போட்டாள். “எந்தத் துப்பாக்கியில சுட்டான்? எந்தத் துப்பாக்கியில?” என்று பின்வரிசையில் யாரோ கேட்க, அஃப்ராவின் துப்பாக்கியில் என்று பதில் வர, மேசைகள் மறுபடி அதிர்ந்தன. ஒன்பது வருடமாகக் காது சிவக்கிறவன் அன்று முழுசாகச் சிவந்து மேடை ஏறினான். வெள்ளி மாலை அவன் மேல், கல்யாணத்தன்று போட்ட கோட்டு போலவே கொஞ்சம் கோணலாக உட்கார்ந்தது.

முதல் நடனம் ராஜாவும் அவர் மனைவியும்தான் ஆட வேண்டும். இசைக்குழு மெதுவான ஒன்றைத் தொடங்கியது. வெள்ளிக் காசுகள் கலகலக்க, சாசேஜ்கள் நடுவில் இடிக்க, இருவரும் சுற்றினார்கள். அவன் அவளுடைய வலக்கையைப் பிடித்திருந்தான். கட்டைவிரல் டைனோசரின் மேல் இருந்தது.

“எப்போ சொல்லலாம்னு இருந்தே?”

“இன்னைக்கு. ஜெயிச்சதும்.”

“ஜெயிக்கலைன்னா?”

“அதைப் பத்தி யோசிக்கலை.” ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, “எப்படிடா சொல்றது? ரொட்டிக் கதையை ஊரெல்லாம் சொல்லிச் சிரிச்சவ நான்” என்றாள்.

“இனிமே அதைச் சொல்ல மாட்டே.”

“மாட்டேன்.”

“டாக்டரம்மா மாதிரி கன்னத்தைப் பிடிச்சு நடிச்சுக் காட்ட மாட்டே.”

“கிறிஸ்துமஸுக்கு மட்டும், ஒரே ஒரு தடவை...”

“அஃப்ரா.”

“மாட்டேன்.”

“நல்லது.” அவனுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. வெள்ளி மாலை குலுங்கியது. “என் விரல்தான் ஜெயிச்சுது, தெரியுமா? மோதிரத்தைத் தொட்டதும் எனக்கு வந்த சிரிப்புல கை எங்க போச்சுன்னே தெரியலை. குண்டு அதுவாப் போய் நடுவுல விழுந்துடுச்சு.”

“தெரியும். அது அப்படித்தான். தொட்டாப் போதும்.”

“சரி, நாளைக்கு ஞாயித்துக்கிழமை, கடை லீவு. மெல்லிசு ரம்பம் ஒண்ணு இருக்கு. நான் பிடிச்சுக்கறேன், நீ அறு. மோதிரத்துல கீறல் விழாம எடுத்துடலாம். கல்யாண நாளுக்கு விரல்ல இருக்கணும்ல?”

அஃப்ரா அவன் தோளுக்கு மேலாகப் பார்த்தபடி ஆடினாள். சென்சி பிரெட்ஸல் மாலையிலிருந்து ஒன்றைப் பிய்த்துத் தின்றபடி அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு தலைமுடி கனம் என்றார் ஓட்மார். ஒரு தலைமுடி. உப்புத்தாளை உள்ளங்கை மேட்டில் இன்னும் நாலு இழுப்பு இழுத்திருந்தால் போதும். கட்டைவிரல் பக்கம் கொஞ்சம் பட்டி. மற்றதெல்லாம் அப்படியே இருக்கலாம். அந்தத் தங்க விளிம்பு, அது இருக்கிற இடத்திலேயே.

“கோர்பி.”

“ம்.”

“கோபப்படாமக் கேளு.”

“நான் ராஜா. ராஜாவுக்குக் கோபம் வராது. சொல்லு.”

அவள் அவன் காதருகே வந்தாள். சாசேஜ்கள் இருவருக்கும் நடுவில் நசுங்கின.

“அடுத்த நவம்பர் வரைக்கும்தான், சத்தியமா. அதுவரைக்கும் அது அங்கயே இருந்துட்டுப் போகட்டுமே?”